தங்கப் பல்லிக்கு விரல்தான் அடையாள அட்டை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் வெட்டியாச்சு. மற்றபடி பேச்சு பேச்சாவே இருக்கு.)

காஞ்சிபுரத்துக்காரங்கன்னு சொன்னதும் வெளியூர்ல ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, "புடவை எந்தக் கடையில வாங்கலாம்?" இன்னொண்ணு, "தங்கப் பல்லியைத் தொட்டிருக்கியா?" வரதராஜப் பெருமாள் கோயில்ல, மேல் கூரையில, தங்கத்துல ஒண்ணும் வெள்ளியில ஒண்ணுமா ரெண்டு பல்லி. பக்கத்துலயே சூரியன், சந்திரன். தொட்டா பல்லி விழுந்த தோஷம் போகும்னு நம்பிக்கை. முனிவர் சாபத்தால பல்லியான சீடர்கள்னு தலபுராணம். 2019ல அத்திவரதர் 48 நாள் வெளிய இருந்தப்போ ஊரே நிரம்பி வழிஞ்சது ஞாபகம் இருக்கும். அப்போ வந்தவங்கள்ல பாதிப் பேர் இந்தப் பல்லியையும் கேட்டுத்தான் போனாங்க.

இன்னைக்கு எபிசோட் அந்தப் பல்லியைப் பத்தி இல்ல. உயிரோட, நாலு காலோட, நிஜமாவே தங்க நிறத்துல ஒரு பல்லி இருக்கு. நம்ம ஊர்லேருந்து நேர்கோடு போட்டா சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துல இருக்குற திருப்பதி மலைகள்ல தான் அதை முதல்ல கண்டுபிடிச்சாங்க. வேலூர்ப் பக்கத்துப் பாறை மலைகள்லயும் பதிவாகியிருக்கு. அறிவியல் பெயர் கலோடாக்டைலோடெஸ் ஆரியஸ். ஆரியஸ்னா லத்தீன்ல தங்க நிறம். அந்த முதல் பாதிப் பெயருக்குப் பின்னால ஒரு நல்ல கதை இருக்கு, அதுக்குக் கொஞ்சம் பொறுங்க.

கோயில்ல இருக்குற பல்லி இந்தப் பல்லியைப் பார்த்துச் செஞ்சதுதானான்னு உடனே கேப்பீங்க. அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்ல. கதைக்கு ரொம்ப அழகா பொருந்தும்தான். ஆனா வாட்ஸ்அப்ல "நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை"ன்னு ஆரம்பிச்சு ஒரு ஃபார்வர்டு கிளம்புறதுக்கு இந்த ஷோ காரணமா இருக்க வேண்டாம்.

பல்லின்னா எது?

இங்க தமிழுக்கு ஒரு சபாஷ் போடணும். ஆங்கிலத்துல லிசார்டுன்னு சொன்னா ஓணானும் அதுல வரும், அரணையும் வரும், உடும்பும் வரும். நமக்கு ஒவ்வொண்ணுக்கும் தனிப் பெயர். பல்லின்னு நாம சொல்றது கிட்டத்தட்ட அப்படியே கெக்கோ. கெக்கோங்கிற சொல்லே மலாய் மொழியிலேருந்து போனது, அது போடுற சத்தத்தை வெச்சு வந்த பெயர். நம்ம ஊர்லயும் சத்தம்தான் முக்கியம். பல்லி சொல்லுச்சா, எந்தத் திசையில சொல்லுச்சான்னு பஞ்சாங்கத்துல பலனே போட்டிருக்கு. ஓணான் சொன்ன பலன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பல்லிக் கூட்டம்தான் பல்லிவகைகள்லயே வாய் திறந்து பேசுற கூட்டம்.

குறுந்தொகையில 16ஆம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதினது. பொருள் தேடிப் போன தலைவன் பாலை நிலத்துல கள்ளிக்காட்டைக் கடந்து போறான். அங்க ஒரு ஆண் பல்லி தன் ஜோடியைக் கூப்பிடுது. அந்தச் சத்தம், கள்வர்கள் அம்பு முனையை நகத்துல வெச்சுப் புரட்டிப் பார்க்கும்போது வர்ற சத்தம் மாதிரி இருக்காம். பல்லிக்குக் கால் சிவப்புன்னு கூடக் குறிச்சு வெச்சிருக்கார். பல்லி கூவுறது ஜோடிக்காகன்னு ஒரு கவிஞர் இவ்வளவு காலத்துக்கு முன்னாலயே கவனிச்சிருக்கார், அது பெரிய விஷயம். ஆனா இதை வெச்சு அது எந்த இனம்னு சொல்ல முடியுமா? முடியாது. நிறமும் சத்தமும் மட்டும் இருந்தா ஒரு பல்லியை அடையாளம் காண முடியாது. அப்போ எதை வெச்சுக் காண்பாங்க?

நிறம் ஏமாத்தும், விரல் ஏமாத்தாது

புடவைக் கடையில கூட்டிட்டுப் போற பெரியவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? நாம நிறத்தைப் பார்ப்போம். அவங்க புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேர்ற இடத்தைத் தடவிப் பார்ப்பாங்க. கோர்வை போட்டு நெய்ததா இல்லையான்னு அந்த இணைப்புதான் சொல்லும். பல்லி ஆராய்ச்சியாளரும் அதையேதான் செய்றார். திருப்பிப் போட்டு அடியைப் பார்க்குறார்.

தங்கப் பல்லியில தங்க நிறம் நல்லாத் தெரியுறது வளர்ந்த ஆண்ல தான். பெண்ணும் குட்டியும் பாறையோட பாறையா பழுப்பா இருக்கும். நிறத்தை மட்டும் நம்புனா பாதிக்கு மேல தவற விட்டுடுவோம். ஆனா காலைப் பாருங்க. ஒவ்வொரு விரல் நுனியிலயும் அகலமா ஒரு ஜோடித் தட்டு. அதுக்குக் கொஞ்சம் பின்னால இன்னொரு ஜோடி. நம்ம வீட்டுப் பல்லியின் விரலுக்கு அடியில, ஏணிப்படி மாதிரி மடிப்பு மடிப்பா வரிசையா இருக்கும், பல மடிப்பு நடுவுல ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். வீட்டுப் பல்லியோட பேரினப் பெயர் ஹெமிடாக்டைலஸ். ஹெமின்னா பாதி, டாக்டைலஸ்னா விரல். பெயரே அந்தப் பிளவைப் பார்த்து வெச்ச மாதிரிதான் இருக்கு.

விரல் இவ்வளவு முக்கியம்னா விரலை மட்டும் பார்த்தா போதுமேன்னு தோணும். அங்கதான் ஒரு பொறி இருக்கு. சுவத்துல ஒட்டுற விரல் பல்லிகளுக்கு ஒரே ஒரு தடவை உருவாகி எல்லாருக்கும் பரம்பரையா வந்ததுன்னு நினைச்சா, அது இல்ல. 2012ல டோனி கேம்பிள், ஆரன் பாவர் உள்ளிட்ட குழு டிஎன்ஏவை வெச்சு ஒரு பெரிய வம்சாவளி மரம் போட்டுப் பார்த்தாங்க. ஒட்டும் விரல் தனித்தனியா 11 தடவை உருவாகியிருக்கு, 9 தடவை தொலைஞ்சிருக்குன்னு வந்தது. கோடிங் பண்றவங்களுக்குப் புரியும்: பதினோரு டீம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம ஒரே ஃபீச்சரை எழுதியிருக்காங்க, அதுல சில பேர் அப்புறம் டெலீட்டும் பண்ணிட்டாங்க.

ஏன் டெலீட் பண்ணணும்? பாலைவனத்துக்குப் போனா புரியும். ஒட்டும் விரல் கெட்டியான பரப்புக்குத்தான் உதவும். மணல்ல ஒட்டி என்ன பண்றது? தார் பாலைவனத்து மணல் பல்லி ஒண்ணு இருக்கு, 1876ல பிளான்ஃபோர்டு பெயர் வெச்சது. அதுக்கு ஒட்டும் தட்டே கிடையாது. பதிலா விரல் ஓரத்துல செதில்கள் ஜாலர் மாதிரி நீட்டிட்டு இருக்கும், மணல்ல புதையாம ஓட. ஆப்பிரிக்காவுல நமீப் பாலைவனப் பல்லிக்கு விரல் நடுவுல வாத்துக்கு மாதிரி சவ்வே இருக்கு. மணல் தோண்டவும் மணல் மேல நடக்கவும் அது உதவுது. ஆக விரல் அந்தப் பல்லி எங்க வாழுதுன்னு உடனே சொல்லிடும், யாருக்குச் சொந்தக்காரன்னு சொல்றதுல மட்டும் சில சமயம் பொய் சொல்லும். அதனால விரலோட நிறுத்தாம, உடம்பு நீளத்தை மூக்கு நுனியிலேருந்து மலத்துவாரம் வரைக்கும் அளப்பாங்க. வாலைச் சேர்க்க மாட்டாங்க, ஏன்னா வால் அறுந்து மறுபடி முளைச்சிருக்கலாம். முதுகுல பருக்கள் எத்தனை வரிசை, உதட்டுச் செதில் எத்தனை, ஆணுக்குத் தொடையில துளைகள் இருக்கா, இருந்தா நடுவுல இடைவெளி விட்டிருக்கா, இல்ல ஒரே தொடரா இருக்கான்னு எல்லாத்தையும் எண்ணுவாங்க. கேக்கச் சலிப்பா இருக்கும். ஆனா ஒரு இனத்தை வேற இனத்துலேருந்து பிரிக்குறது பெரும்பாலும் இந்தச் சலிப்பான எண்ணிக்கைதான்.

பெயர் மோதல்

இப்போ அந்தக் கதைக்கு வர்றேன். 1870ல ரிச்சர்ட் ஹென்றி பெடோம் இந்தப் பல்லிக்குப் பெயர் வெச்சார். ராணுவத்துலேருந்து வனத்துறைக்கு வந்தவர், சென்னை மாகாண வனத்துறைக்கே தலைமை வகிச்சவர். தென்னிந்தியாவுல பாம்பு, பல்லி, தவளை, பெரணின்னு இவர் கை படாத உயிர் குறைவு. அப்போ திருப்பதி வட ஆற்காடு மாவட்டத்துல இருந்தது. சித்தூர் மாவட்டம் பிரிஞ்சது 1911ல தான். அந்த மலைகள்ல கிடைச்ச பல்லியோட விரலைப் பார்த்து அசந்துபோய் கலோடாக்டைலஸ்னு வெச்சார். அழகிய விரல்னு அர்த்தம். நிறம் தங்கமா இருந்தும் பேரினப் பெயரை விரலுக்குக் கொடுத்தார் பாருங்க, மனுஷனுக்குக் கண் இருந்திருக்கு.

பிரச்சினை என்னன்னா, அந்தப் பெயர் வேற ஒரு விலங்கினத்துக்கு ஏற்கெனவே போயிருந்தது. விலங்கியல் பெயரிடும் விதிப்படி ஒரே பேரினப் பெயர் ரெண்டு விலங்குக் கூட்டத்துக்கு இருக்கக் கூடாது. முதல்ல வெச்சவருக்கே உரிமை. தாவரத்துக்கும் விலங்குக்கும் மோதினா பரவாயில்ல, ரெண்டும் வேற வேற விதிப் புத்தகம். நம்ம பாஷையில சொன்னா நேம்ஸ்பேஸ் கொலிஷன். ஐம்பத்தாறு வருஷம் யாரும் சரி பண்ணல. 1926ல எம்பிரிக் ஸ்ட்ராண்ட்னு ஒரு நார்வேக்காரர், அடிப்படையில சிலந்தி ஆராய்ச்சியாளர், பின்னால ஒரு ஒட்டு சேர்த்து கலோடாக்டைலோடெஸ்னு மாத்தினார். இவர் இந்த மாதிரி மோதல் பெயர்களைத் தேடித் தேடி மாத்துறதையே ஒரு வேலையா வெச்சிருந்தவர். பல உயிர்களுக்குத் தன் பெயரையே வெச்சுக்கிட்டவர்னும் அவருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. பல்லிக்கு அப்படி நடக்காதது நம்ம அதிர்ஷ்டம்.

இதை விடப் பெரிய சிக்கல், பெயர் இருந்தது, பல்லியைக் காணோம். பெடோம் சேகரிச்ச மாதிரிகள் லண்டன் அருங்காட்சியகத்துல இருந்தது. மால்கம் ஸ்மித் 1935ல பிரிட்டிஷ் இந்தியாவின் பல்லிகளைப் பத்தின தொகுதி எழுதினப்போ இந்த இனம் அதுல இருக்கு. ஆனா மலையில போய்ப் பார்த்தவங்க இல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல், பரத் பூஷண், ஏ.ஜி. சேகர் மூணு பேரும் கிழக்குத் தொடர்ச்சி மலையில இதைத் திரும்பக் கண்டுபிடிச்சதா அந்தச் சங்கத்தோட இதழ்ல எழுதினது 1986ல. நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் அந்தப் பல்லி அங்கேயே, லட்சக்கணக்கான பேர் வந்து போற மலையில, ராத்திரியில பாறை இடுக்குலேருந்து வெளிய வந்து கத்திட்டுத்தான் இருந்திருக்கும்.

இதுக்கு ஒரே ஒரு உடன்பிறப்பு உண்டு, அது இலங்கையில. 1953ல தெரணியகல பெயர் வெச்ச கலோடாக்டைலோடெஸ் இல்லிங்வொர்த்தோரம். இலங்கையின் தென்கிழக்கு உலர் வலயப் பாறைகள்ல வாழுது. 2000ல ஆரன் பாவரும் இந்திரநீல் தாஸும் பேரினத்தையே மறுபடி அலசினப்போ இந்த ரெண்டே இனம்தான். ஒண்ணு கிழக்குத் தொடர்ச்சி மலையில, இன்னொண்ணு கடல் தாண்டி. நடுவுல தென் தமிழ்நாடு முழுக்க இவ்வளவு பாறைக்குன்று இருந்தும் எதுவும் இல்ல. எனக்கு இந்த முழு விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச புதிர் இதுதான்.

வீட்டுச் சுவத்துல இருக்குறது யாரு?

இதெல்லாம் மலைக்கதைன்னு நினைச்சுடாதீங்க. காஞ்சிபுரத்துல நம்ம டியூப்லைட் பக்கத்துலயே மூணு நாலு இனம் இருக்கும். ராத்திரியில "டக் டக் டக்"னு சத்தம் போட்டுப் பலன் சொல்ற ஆசாமி ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனாட்டஸ். புளியமரத்துப் பட்டையில சாம்பல் நிறத்துல ஒட்டிக்கிட்டு, கொஞ்சம் பெருசா இருக்குறது மரப்பல்லி, ஹெமிடாக்டைலஸ் லெஷனால்டி. முதுகுல கரும்புள்ளியும் வரிசையா பருக்களும் இருக்குறது இன்னொண்ணு.

அந்தப் புள்ளிப் பல்லிக்குப் பழைய புத்தகங்கள்ல புரூக்கி என்று பெயர். 1845ல கிரே போர்னியோ மாதிரியை வெச்சுக் கொடுத்த பெயர். இந்தியா முழுக்க எந்தப் புள்ளிப் பல்லியைப் பார்த்தாலும் புரூக்கின்னு எழுதிட்டே போனாங்க. அப்புறம் டிஎன்ஏ வந்தது. பல்லி ஆராய்ச்சியில அதிகம் படிக்கப்படுற மரபணு என்டி2, மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குறது. அதை ஒப்பிட்டா, புரூக்கின்னு நினைச்ச கூட்டத்துக்குள்ள பல இனங்கள். நம்ம பக்கமும் இலங்கையிலயும் பரவலா இருக்குறது இப்போ பார்விமாக்குலேட்டஸ்ங்கிற தனி இனம். பார்க்க ஒண்ணு மாதிரியே இருந்து, உள்ள வேற வேறயா இருக்குறதை மறை இனங்கள்னு சொல்லலாம்.

இதுக்கு உச்சம் திராவிடோகெக்கோ. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே சொந்தமான பேரினம். 1875லேருந்து ரொம்ப காலம் அதுல ஒரே ஒரு இனம்தான். 2019ல சைதன்யாவும் கூட்டாளிகளும் ஒரே கட்டுரையில ஆறு புது இனம் சேர்த்தாங்க. அதுல கொடைக்கானல் பக்கத்து இனத்துக்குத் தோல்பல்லின்னு பெயர். நீங்க நினைக்கிற தோல் இல்ல, தொல்காப்பியத்துல வர்ற தொல், பழமையானன்னு அர்த்தம். ஆங்கில எழுத்துல போய் வந்ததுல ஒலி மாறிடுச்சு. மாஞ்சோலைப் பக்கத்து இன்னொரு இனத்துக்கு டக்ளஸ் ஆடம்ஸ் பெயர். ஆமா, 42 புகழ் ஆடம்ஸ்தான். ஆராய்ச்சியாளர்கள்லயும் நம்ம ஆட்கள் இருக்காங்க. 2024ல ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவுல கிடைச்ச ஒரு குட்டிப் பல்லிக்கு வான்கோ பெயர் வெச்சாங்க, முதுகு நிறம் அவரோட நட்சத்திர இரவு ஓவியம் மாதிரி இருக்குன்னு.

பெயர் தெரிஞ்சா என்ன கிடைக்கும்?

ஒரு நண்பர் கேட்டார்: "பல்லிக்கு எந்தப் பெயரா இருந்தா என்ன மச்சி?" நியாயமான கேள்வி. பதில் சட்டத்துல இருக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பெயர்ப் பட்டியல் போட்டுத்தான் வேலை செய்யுது. பட்டியல்ல பெயர் இருந்தாத்தான் தனிப் பாதுகாப்பு. புலி இருக்குற அதே முதல் அட்டவணையில தங்கப் பல்லி சேர்ந்தது அது தனி இனம்னு யாரோ விரலை எண்ணி எழுதி வெச்சதாலதான்.

பெயர் இல்லாத உயிருக்கு அந்த வாய்ப்பே இல்ல. தங்கப் பல்லி முட்டையிடுற விதத்தைப் பாருங்க. பல பெண்கள் ஒரே பாறைக்குடைவுல, கூரையிலயும் சுவத்துலயும் முட்டையைச் சிமெண்ட் மாதிரி ஒட்டி வெச்சுட்டுப் போகும். ஒட்டினதை எடுத்து வேற இடத்துல வைக்க முடியாது, உடைஞ்சுடும். ஆக ஒரு பாறை போனா ஒரு குடும்பம் போச்சுன்னு கணக்கு இல்ல, ஒரு ஊரோட பிரசவ வார்டே போச்சு. வட தமிழ்நாட்டுல தனித்தனியா நிக்குற கருங்கல் குன்றுகளை நாம எப்படிப் பார்க்குறோம்? அரசுக் கணக்குல பெரும்பாலும் கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு. குவாரிக்காரருக்கு ஜல்லி. குன்றுக்குக் குன்று தனித்தனியா இனம் பிரிஞ்சு வாழுற சின்னப் பல்லிகள் நிமாஸ்பிஸ் பேரினத்துல நிறைய. ஏலகிரி, ஏற்காடு, சங்ககிரின்னு கடந்த சில வருஷத்துல வந்த புது இனங்கள் அந்த வகை. கிரஷர் முதல்ல போச்சா, ஆராய்ச்சியாளர் முதல்ல போனாரா என்பதுதான் வித்தியாசம். இந்தப் போட்டியில கிரஷர் நிறைய தடவை ஜெயிச்சிருக்கும்னு நான் நினைக்குறேன்.

தப்பான அடையாளமும் ஆபத்து. வடகிழக்கு இந்தியாவுல டோக்கே பல்லின்னு ஒண்ணு, எய்ட்ஸுக்கு மருந்துன்னு வதந்தி பரவி, எடைக்கு லட்சக்கணக்குல விலைன்னு புரளி கிளம்புச்சு. மருத்துவ ஆதாரம் பூஜ்யம். ஆனா பிடிச்சு வித்தாங்க. 2019ல அது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையோட இரண்டாம் பட்டியலுக்குப் போச்சு. தங்கம்னு பெயர்ல இருக்குற பல்லிக்கு அந்த மாதிரி ஒரு புரளி வர எவ்வளவு நேரம் ஆகும்?

பார்த்தா என்ன செய்யலாம்?

கையில பிடிக்காதீங்க. வால் போகும், சட்டமும் குறுக்க வரும். மேலேருந்து முழு உடம்பு ஒரு படம், தலை பக்கவாட்டுல ஒரு படம். முடிஞ்சா விரல் அடிப்பக்கம் தெரியுற மாதிரி ஒண்ணு. வீட்டுப் பல்லி ஜன்னல் கண்ணாடியில ஏறும்போது அந்தப் பக்கத்துலேருந்து எடுத்தா அது ரொம்ப ஈஸி. பாறையா மரமா சுவரா, தரையிலேருந்து எவ்வளவு உயரம், எத்தனை மணி, இதெல்லாம் குறிச்சுக்கோங்க. ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல போட்டா பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்காங்க, இடத்தைத் துல்லியமாக் காட்டாம மறைக்கவும் வழி உண்டு. தங்கப் பல்லி மாதிரி ஒண்ணு கிடைச்சா அந்த மறைப்பைக் கண்டிப்பாப் போடுங்க. இன்ஸ்டா ரீல்ல லொகேஷன் டேக் வேண்டவே வேண்டாம்.

இந்த வாரம் உங்க வீட்டுப் பல்லியோட விரல் படம் ஒண்ணு எடுத்து அனுப்புங்க. மடிப்பு எத்தனைன்னு எண்ணி எழுதி அனுப்புறவங்க பெயரை அடுத்த எபிசோட்ல படிக்குறேன்.